உட்கார்ந்த நாய்

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் முவைலா கேம்ப்பின் இரண்டாம் மாடி வராந்தாவில், சுவரோடு நிறுத்தப்பட்டவர்களின் பாதங்கள் மீது வெள்ளிக்கிழமை மதியத்து வெயில் விழுந்து கிடக்கிறது. திறந்த கதவு வழியே, போலீஸ் நாய் அறைக்குள் மோந்துகொண்டு போவது தெரிகிறது. ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தத்துக்கு நடுவே அதன் நகங்கள் டைல்ஸ் தரையில் தட்டும் ஓசை கேட்கிறது. லீவு முடிந்து நேற்று வந்த தவசியின் கட்டிலுக்கடியில் பழுப்பு டேப் சுற்றிய ஒரு பார்சல் இருக்கிறது. ஊரில் ஒருவர் கொடுத்தனுப்பியது. வாங்கிக்கொள்ள வருவதாகச் சொன்ன ஆள் இன்னும் வரவில்லை. “அடுத்தவுக சாமான்னு நானே பிரிக்கலண்ணே. கேக்காம இவுக பிரிக்கலாமா?” என்று பக்கத்தில் நிற்கும் பத்மநாதனிடம் கேட்கிறான் தவசி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பழையவர். “நாய் காட்டினால் பொலிசுக்கு அது போதும், தம்பி. பிறகு உம்மட்ட ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

நாய் கட்டிலருகே நிற்கிறது, மூக்கைப் பார்சலில் வைத்து எடுக்கிறது, பிறகு சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. தவசியின் முகம் தெளிகிறது. “பாத்தீகளா, குலைக்கவே இல்ல. பேசாம உக்காந்துருச்சு.” இந்த நாய்கள் குரைப்பதில்லை, போதைப்பொருளைக் கண்டுபிடித்தால் உட்காரத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்பது பத்மநாதனுக்குத் தெரியும். போலீஸ்காரர் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து நாயிடம் போடுகிறார். அது வாலை ஆட்டியபடி பந்தைக் கவ்வுவதை, சின்னப் பிள்ளையின் விளையாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரிக்கிறான் தவசி. அவன் தோளை உரசிக்கொண்டிருந்த பத்மநாதனின் தோள் ஒரு சாண் தள்ளி நகர்ந்துகொள்கிறது.