நாலு விரல் தடம்

வெள்ளையம்மா குருவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவள். புருஷன் செத்து, மகனும் கட்டாருக்குப் போன பிறகு எட்டுக் காம்பரா வரிசை வீடான லயத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்; மற்றக் குடும்பங்கள் எப்போதோ போய்விட்டன.

லயத்துக்குக் கீழே தோண்டிய மாணிக்கக் குழியில் கல் கிடைக்கவில்லை. ஒரு தாடை எலும்புதான் கிடைத்தது. கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த றிப்தா அதைக் கழுவிப் பார்த்தாள்.

"அம்மா, இது நீர்யானைக் குட்டி. பால் பல்லே விழல்ல. நம்ம காடுகள்ல அந்த இனம் அழிஞ்சி பல ஆயிரம் வருசம்."

தாடை கொழும்புக்குப் போனது. குழியை மூடினார்கள்.

மறுநாள் விடியற்காலையில் மூடிய குழியைச் சுற்றி ஈரமண்ணில் தடங்கள் இருந்தன. சோற்றுத் தட்டு அகலம், நாலு விரல். தினமும் புதிதாக இருந்தன. ஒரு வாரத்தில் அவை அவள் வாசல்வரை வந்து திரும்பியிருந்தன. அவளுக்குப் பயம் வரவில்லை. றிப்தாவுக்குப் போன் பண்ணினாள்.

"மிஸ், அந்தக் குட்டியக் கொண்டாந்து போட ஏலாதுங்களா? தாய் தேடுது."

"ஏலாதும்மா. அத மியூசியத்துல வச்சாச்சு."

அன்று சாயந்தரம் வெள்ளையம்மா குழியருகே குந்தினாள். "இங்க தேடாத. ஒம் புள்ள கொழும்புல இருக்கு" என்றாள்.

மறுநாள் தடங்கள் இறப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கி, கொழும்பு ரோட்டின் தார் விளிம்புவரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

அதற்கடுத்த நாளும் எழுந்ததும் பார்த்தாள். லயத்து வாசலில் அவளுடைய காலடி மட்டும்தான் இருந்தது.