ஐந்தாவது ஆள்

பதினேழாம் அறைக் கதவில் ‘நான்கு பேருக்கு மேல் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறை அது. காலையில் ஃபோர்மேன் இன்பராஜ் வாசலில் நின்று தலை எண்ணுவார். மூன்று நாளாக ஐந்து வருகிறது. திரும்ப எண்ணினால் நான்கு.

அந்த நால்வரில் ஒருவனான வெள்ளைத்துரையைத் தனியே கூப்பிட்டார்.

“ஒம் பக்கத்துல உக்காந்திருக்கது யாருலே? கை அம்புட்டு நடுங்குது.”

வெள்ளைத்துரை தன் கைகளைப் பார்த்தான். அவை நடுங்கவில்லை. ஆறு மாதமாக, காலையில் அரை டம்ளர் குடித்தால்தான் அவனுக்கு நடுக்கம் நிற்கிறது. நின்ற நடுக்கம் எங்கே போகிறது என்று அவன் யோசித்ததில்லை.

அப்போதே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். “குடிய விடணும் சார். தனியா முடியல” என்றான். படுக்கை கொடுத்தார்கள்.

சாயங்காலம் போன் வந்தது. இன்பராஜ் கம்பெனி கேட்டிலிருந்து பேசினார்.

“எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டேன்லே. மூணு பேரும் வந்துட்டாக. உள்ள இன்னும் ஒருத்தன் இருக்கான். மருந்துத் தட்டக் கையில தூக்கிட்டான்.”

காலையில் குடித்தது எப்போதோ இறங்கியிருக்க வேண்டும். போனைப் பிடித்திருந்த வெள்ளைத்துரையின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.