இரண்டாவது பெயர்

"திருட்டுப்பய! என்ர கடுதாசியெல்லாம் அவன் கைக்குப் போயிட்டிருக்குதா?"

அரங்கசாமி போட்ட சத்தத்தில் மிஸ்பாவின் விரல் கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி வைத்திருப்பவர் அரங்கசாமி. அமெரிக்காவில் ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேருக்குப் பங்கு பிரித்து வாடகைக்கு விடுவார்களே, அப்படி ஒரு சர்வரில்தான் அவருடைய இ-மெயில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அது படுத்துக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தத்தான் ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்திருந்தாள் மிஸ்பா.

பம்பு கேட்டிருந்த ஜெர்மனிக்காரர்கள் அதன் வரைபடத்தை மெயிலில் அனுப்பிவிட்டார்கள். அதையே ஃபேக்ஸில் அனுப்பச் சொல்லிப் பார்த்தார் அரங்கசாமி. கோடெல்லாம் மசியாய் விழுந்தது. நாலு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. இப்போது மணி மூன்று.

"எந்த மெயில் எங்க போகோணும்னு சொல்றது நேம் சர்வருங்க. அதுல உங்க சர்வர்தான் மொதல்ல இருக்குது. அது எடுக்கலைன்னா இன்னொண்ணுகிட்டக் குடுன்னு ரெண்டாவதா ஒரு பேரும் இருக்குதுங்க."

அந்தப் பெயர்தான் வினை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பம்பு செய்யும் சீனிவாசலுவின் கம்பெனி அது.

"பிரான்சிஸ் வேலை அம்மணி இது. இங்க கம்ப்யூட்டரப் பாத்துட்டிருந்தவன், போன மாசம் சீனிவாசலுகிட்டப் போறேன்னான். அந்த நிமிசமே வெளிய தொரத்துனேன். புத்தியக் காட்டிப்போட்டான்."

"பாஸ்வேர்டு மாத்தலீங்களா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

மிஸ்பா தேதியைப் பார்த்தாள். பிரான்சிஸ் போன பிறகுதான் அந்த இரண்டாவது பெயர் சேர்ந்திருக்கிறது. அவளுக்கும் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. திருட்டேதான்.

அரங்கசாமி போனுக்குக் கை நீட்டினார். "போலீசுக்குச் சொல்லீர்றேன்."

"ஐயோ, எடுக்காதீங்க! நெட்டு அந்த லைன்லதான் ஓடுது. எடுத்தாக் கட்டாயிரும். மொதல்ல சர்வர எழுப்பிடறேனுங்க."

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். கண் மட்டும் கடிகாரத்தை விட்டு அகலவில்லை.

மூன்று இருபதுக்கு லைன் அறுந்தது. மோடம் கீச்சிட்டு மறுபடி பிடிப்பதற்குள் இருவருக்கும் உயிர் போய் வந்தது.

மூன்றரைக்கு மிஸ்பா நிமிர்ந்தாள். "எந்திரிச்சிருச்சுங்க. ஆனா மூணு நாளா வந்ததெல்லாம்..."

முடிக்கவில்லை. திரையில் ஒரு மெயில் விழுந்தது. இன்னொன்று. அப்புறம் மளமளவென்று நாற்பத்தாறு. எல்லாமே சீனிவாசலுவின் சர்வரிலிருந்து வந்தவை.

ஜெர்மனி மெயிலும் அதில் இருந்தது. வரைபடம் இறங்கி, அரங்கசாமி பார்த்து, சம்மதம் போய்ச் சேர்ந்தபோது நாலடிக்க ஐந்து நிமிடம்.

"இப்ப லைன உடு அம்மணி. எல்லாத்தையும் படிச்சுப்போட்டுத்தான அனுப்பியிருப்பான்? அவன உடமாட்டேன்."

"ஒரு நிமிசமுங்க. பிரான்சிஸே உங்களுக்கு ஒண்ணு எழுதியிருக்காரு. சர்வர் படுத்த அன்னைக்கே."

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான். மிஸ்பா வாசித்தாள்.

"ஐயா, சர்வரப் பாக்க நீங்க ஆள் போடலைன்னு கேள்விப்பட்டேனுங்க. அது நின்னு நாலஞ்சு நாளானா வர்ற மெயிலெல்லாம் திரும்பிப் போயிரும். அதனால எங்க சர்வர்ல புடிச்சு வெக்கற மாதிரி செஞ்சுபோட்டேன். உங்களது எந்திரிச்சதும் தானா வந்து சேந்துரும். எதையும் பிரிச்சுப் பாக்கலீங்க. எங்க மொதலாளிகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன். ஜெர்மனி ஆர்டருக்கு அவரும் வெல குடுத்திருக்காராமுங்க. 'போட்டிக்கு நிக்கறப்ப அவரு கடுதாசி ஒண்ணு தொலஞ்சாலும் நாம திருடுன மாதிரி ஆயிரும், ஒண்ணுகூடத் தொலையாமப் பாத்துக்க'ன்னு சொல்லிப்போட்டாருங்க."