பிச்சைமுத்து சொன்ன சீனக் கதை

“ஏங்க, சீனத்துல உங்களுக்கு ஒரு வார்த்தை தெரியுமா? எந்தத் தைரியத்துல அவங்க கூத்துக்குக் கதை சொல்றீங்க? ஒருநாள் அந்தக் கூத்தாடிங்க வந்து தோலை உரிக்கப் போறாங்க!” என்று புஷ்பவள்ளி கத்தியது அடுத்த தெருவரை கேட்டது.

பிச்சைமுத்து மீசையைத் தடவினார். “பயாஸ்கோப்புல இருபது வருசம் வெள்ளைக்காரன் படத்துக்குக் கதை சொன்னேனே, இங்கிலீஷ் தெரிஞ்சா சொன்னேன்?”

அது உண்மைதான். ஊமைப்படக் காலத்தில் திரையோரம் நின்று சனங்களுக்குக் கதை சொன்னவர் அவர். கொட்டகை முதலாளி, “நாலு வார்த்தை போதும், லா” என்று இந்த ஊர்ப் பேச்சில் இழுத்து அதையும் வெட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் படமே பேச ஆரம்பித்தது, இவர் ஊமையாகிப்போனார். மூன்று வருஷம் வீட்டில்கூட “ம்” மட்டும்தான். புஷ்பவள்ளி அதற்காக ஒன்றும் இளைத்துப்போகவில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

போன வாரம் சூலியா தெரு முக்கில் சீனர்கள் கோயில் விழாவுக்கு வாயாங் கூத்து மேடை போட்டார்கள். பகல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னம்மா, அருகில் நின்ற பிச்சைமுத்துவிடம் “அந்தப் பொம்பள ஏண்ணே அழுவுறா?” என்று தெரியாத்தனமாகக் கேட்டுவைத்தாள். மனிதர் கதையை அவிழ்த்துவிட்டார்.

மூன்றாம் நாள் நூறு தமிழர்கள் கூடிவிட்டார்கள். அதிசயம் என்னவென்றால், அவர் சொன்னதெல்லாம் மேடையில் நடந்தது! சேனாதிபதி தும்மித் தும்மியே சாவான் என்றார், செத்தான். ராணி மீன்காரனோடு ஓடுவாள் என்றார், ஓடினாள்.

“எனக்கு அருள் வந்திருக்கு, வள்ளி! மறுபடி இந்த வாயை மூடச் சொன்னா உசிரே போயிடும்.”

வாசலில் நிழல் விழுந்தது. பூதம்போல ஒரு சீனர். முகமெல்லாம் சிவப்புச் சாயம், இடுப்பில் கத்தி. கூடவே, சீனம் பேசத் தெரிந்த ஷேக் அலாவுதீன். மேடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்.

பிச்சைமுத்து மனைவியின் முதுகுக்குப் பின்னால் போனார். “பாய், இனிமே வாயே திறக்கமாட்டேன்னு சொல்லுங்க!”

“கெடுத்தீங்க போங்கண்ணே! நீங்க சொல்லச் சொல்ல, கூட்டம் கூடுதேன்னு நான் திரைக்குப் பின்னால நின்னு சீனத்துல சொல்லித்தானே அவங்க ஆடுறாங்க! இவருதான் நீங்க கொன்ன சேனாதிபதி. மூணு நாளாச் சாயத்தைப் பூசிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்காரு. எப்படியாச்சும் நாளைக்குப் பொழைக்க வச்சிடச் சொல்லி அழுவுறாரு, லா!”