ஐந்தரை மணி நேரம்

மதியம் இரண்டு ஐந்து.

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு லேப்டாப் திரையில் அந்தக் கோப்பின் நேரத்தைப் பார்த்தாள்.

இரண்டு ஐந்துதான். தேதி, அவள் புருசன் செத்துப்போன தேதி.



அன்றைக்கு வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கின் வாசலில் அவன் சரிந்து விழுந்தபோது மணி பதினொன்று இருபது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இரண்டு மணிக்கெல்லாம் இதே அறைக்கு வந்துவிட்டான்.

கண்ணாடிப் பெட்டிக்குள்.

அப்படியானால் இரண்டு ஐந்துக்கு இந்தக் கோப்பை எழுதிச் சேமித்தது யார்?

அட கடவுளே, யார்?

லேப்டாப் அப்போது பீரோவின் மேல் இருந்தது. பெட்டி வைக்க இடம் பண்ணும்போது அவள் தம்பி சம்பத்துதான் தூக்கி மேலே வைத்தான். யாரும் தொடவில்லை. தொடுகிற நிலையில் யாரும் இல்லை.

கோப்பின் பெயர் கடிகாரம்.

திறக்கப் பயமாக இருந்தது.

நாற்பத்து மூன்று நாள் கழித்து இன்றுதான் அவன் பக்கத்துக்குள் வருகிறாள். அதுவும் அழிப்பதற்காக.

ஒரு லேப்டாப், இரண்டு பக்கம். போன தீபாவளி லீவில் அவன் செய்த வேலை. அவளுடைய எம்பிராய்டரி டிசைன் சாப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அவனுக்கோ லினக்ஸ் இல்லாவிட்டால் சோறு இறங்காது. திரையில் நீளமாக ஒரு பட்டை, நடுவில் ஒரு கோடு. கோட்டைப் பிடித்து இழுத்துச் சரிபாதியில் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டான்.

"உன்ற டிசைனுக்குத்தான் எடம் நெறைய வேணும்."

லேப்டாப்பைப் போட்டால் எந்தப் பக்கம் என்று கேட்கும். பத்து விநாடி சும்மா இருந்தால் தானாக அவள் பக்கம் போய்விடும். அப்படித்தான் வைத்திருந்தான்.

அந்த இடமும் இப்போது நிரம்பிவிட்டது. மாமா பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அழித்துவிடு என்று சம்பத்து நேற்றுச் சொன்னான். சரி, அதற்கு முன் ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாம் என்று வந்தாள். கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாத மனுசன்.

வந்த இடத்தில் இது.

போன் அடித்தது.

"அக்கா, அழிச்சுப்போட்டியா?"

சம்பத்துதான்.

அழி என்கிற சொல்லை முதலில் சொன்னவளே அவள்தான்.

இரண்டு பக்கமாகப் பிரித்த நாளிலிருந்து அவள் பக்கக் கடிகாரம் பின்னால் இழுத்தது. எப்போதும் ஐந்தரை மணி நேரம். திருத்துவாள். அவன் தன் பக்கம் போய்விட்டு வந்தால் மறுபடி கெட்டுக் கிடக்கும். அதனால் புது டிசைன் பழையது மாதிரியும் பழையது புதியது மாதிரியும் காட்டியது. மெஷின்காரர் பழையதை எடுத்துப் போட்டுவிட்டார்.

நூற்றிருபது குழந்தைச் சட்டையில் அலகில்லாத கிளி.

அவன் செத்த அன்று காலை கடிகாரத்தைத் திருத்திவிட்டு லேப்டாப்பை அவன் முன்னால் தள்ளினாள்.

"உங்க பாதியே எனக்கு வேண்டாமுங்க. இப்பவே அழிச்சுப்போடுங்க!"

அடுப்படிக்குப் போய்விட்டாள். முதுகுக்குப் பின்னால் பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. அழிக்கிறான். அழிக்கட்டும் என்று தேங்காயைத் துருவினாள். எட்டு நாற்பதுக்கு அவன் அடுப்படி நிலையில் வந்து நின்றான். அவள் திரும்பவில்லை.

சாப்பிடாமல் போனான். கோபத்தோடு போனான். கோபத்தோடே செத்தான்.

நாற்பத்து மூன்று நாளாக இதுதான் அவளைத் தின்கிறது. இந்த நாற்பத்து மூன்று நாளில் அவள் பக்கக் கடிகாரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

திரையின் மூலையில் மணி மூன்றே முக்கால்.

ஜன்னலில் இன்னும் காலை வெயில்.

"சம்பத்து, மணி என்னடா இப்ப?"

"பத்தே காலுக்கா. ஏன்?"

ஐந்தரை மணி நேரம்.

அவள் தன் பக்கத்தைத் திருத்திய போதெல்லாம் அவன் பக்கம் முன்னால் ஓடியிருக்கிறது. அவனும் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருக்கிறான்; அதில்தான் அவள் பக்கம் பின்னால் போயிருக்கிறது. ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. பாவி மனுசன்.

விரலை மடக்கி எண்ணினாள். இரண்டு ஐந்திலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால்.

எட்டு முப்பத்தைந்து.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவன் அடுப்படிக்கு வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அழிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

கோப்பைத் திறந்தாள். நான்கே வரி.

ரெண்டு பக்கமும் ஒரே மணி காட்டணும்.

அவ பக்கத்தைத் தொட வேண்டாம்.

என் பக்கத்தை மாத்தினாப் போதும்.

சாயங்காலம் வந்து பண்ணணும்.

"அக்கா, என்னதான் பண்றே? அழிச்சாச்சா இல்லியா?"

"இல்லடா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சாயங்காலம் வந்து பண்றேன்னு எழுதி வெச்சிருக்காருடா."