சத்தம் வராத மணி

மருமகள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பழைய கேம் கன்ட்ரோலரின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவளும் அவள் தம்பியும் அடித்துக்கொண்டு விளையாடிய சாமான். அதில் விரலால் தள்ளுகிற ஒரு குச்சி தேய்ந்துவிட்டதாம். யாரும் தொடாமலே திரையில் இருக்கும் ஆள் ஒரு பக்கமாக நடந்து போய்க்கொண்டே இருப்பானாம். அதனால் அலமாரி மேல் போட்டுவிட்டார்கள்.

"மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு மாமா. பேட்டரி, மோட்டார் எல்லாம் உயிரோட இருக்கு."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வாசல் கதவு திறந்தால் வீட்டில் உள்ளவருக்குத் தெரிய வேண்டும். எதிர்வீட்டுக்குத் தெரியக் கூடாது.

என் மனைவி சில மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் தெருவில் நின்று வழி கேட்டதில்லை. என் அப்பா கண் மங்கிப்போன பிறகும் ஒருவரையும் கையைப் பிடிக்க விடாமல் நடந்தவர்.

போன வாரம் அவளைப் பஸ் நிறுத்தத்தில் கண்டேன். தலை வாரவில்லை. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் மருமகளுடையது. என்னைப் பார்த்ததும், அத்தனை பேர் முன்னிலையில், ஓவென்று அழுதாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். வீடு வரும்வரை அவள்தான் அரை அடி முன்னால் நடந்தாள்.

கடையில் இதற்கென்றே அலாரம் விற்கிறார்கள். விலை கிடக்கட்டும், அது கத்துகிற கத்தலில் மாடி முழுக்க எட்டிப் பார்க்கும். என் வீட்டில் அது வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்போதுதான் மருமகளுக்கு இந்த யோசனை வந்தது. விளையாட்டில் கார் மோதினால் கன்ட்ரோலர் கையில் அதிருமாம். அதற்காக உள்ளே ஒரு குட்டி மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கமாக ஒட்டிய எடை. கதவில் ஒரு காந்தச் சுவிட்ச்சையும் சிக்னல் அனுப்பும் சின்னச் சில்லையும் வைத்துவிட்டால் போதும், கதவு திறந்ததும் ஒயர் இல்லாமலே மோட்டார் அதிரும். வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும்.

ஒயரைப் பற்றவைத்தாள். புகை வந்தது. மோட்டார் உயிர் பெற்று மேசைமேல் நண்டு போல ஓடி, தம்ளரில் இடித்துக் கணகணவென்றது.

"சத்தம்!" என்றேன்.

எழுந்து போய், பழைய செருப்பு ஒன்றின் மெத்தையை வெட்டிவந்து மோட்டாரைச் சுற்றினாள். என் உள்ளங்கையில் வைத்தாள். பிடிபட்ட வண்டு மாதிரி துடித்தது. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

நல்ல வேலை. வாய்விட்டுப் பாராட்டுவது என் வழக்கமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்துவிட்டாள். சட்டென்று செய்தித்தாளின் மறுபாதியை அதன்மேல் மூடினேன்.

"இந்த வயசுல உங்க மாமாவுக்கு வீடியோ கேம் கேக்குதாக்கும்?" என்றாள் மருமகளிடம்.

மருமகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ராத்திரியில் அவள் தூங்குவதே இல்லை. நான் எப்போது விழித்தாலும் என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அதுவும் இந்த மறதி நோயின் லட்சணம்தான் என்று எங்கோ படித்தேன்.

"இது உங்க அத்தைக்குத் தெரிய வேண்டாம். மனசு உடைஞ்சு போயிடும்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"தெரியாம பாத்துக்கறேன் மாமா." வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

சின்னப் பெட்டியில் போட்டு மூடியை ஒட்ட வேண்டும், பசை காயட்டும் என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கதவில் சுவிட்ச்சை அவள் பொருத்துவதைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தேன். காவல் காப்பது சின்ன வேலையில்லை. உடம்பு அலுத்துப்போகிறது.

விழித்தபோது எதிர் நாற்காலி காலி.

கட்டிலிலும் அவள் இல்லை. மருமகள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெட்டியை என்னிடம் தரவே மறந்துவிட்டிருக்கிறாள்.

கூப்பிட்டால் அக்கம்பக்கம் கேட்கும். சத்தமில்லாமல் கதவைத் திறந்து படியிறங்கினேன்.

திருப்பத்தில் நின்றேன். கீழே போவதா, மேலே போவதா? எல்லாப் படியும் வேறு ஏதோ கட்டடத்துப் படி போல இருந்தது.

பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது.

என் மனைவி. முழங்கைவரை சோப்பு நுரை. ஈரக் கையால் இடுப்பைப் பொத்திப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் அதிர்ந்துகொண்டிருந்தன.

இடுப்பிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து அதன் அதிர்வை நிறுத்தினாள். மூச்சு வாங்கப் படியிலேயே உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன்னைத் தேடித்தான்."

இதைப் பலமுறை கேட்டவள் போலத் தலையாட்டினாள். கைப்பிடியைப் பற்றி மெல்ல எழுந்தாள்.

"சரி, கெடச்சுட்டேன்ல? வாங்க, உள்ள போலாம்."