அறுபது லிட்டர் பெட்டி

"எட்டு மாசமா ஒரு மரப்பெட்டியை வரைஞ்சுக்கிட்டே இருக்கீங்களே, இதுக்குள்ள ஒரு வீட்டையே கட்டிக் குடிபோயிருப்பாங்க!"

பஸ் டிரைவர் ஜன்னலோரம் காலை வெயிலில் நோட்டை விரித்து வைத்து, பென்சிலைக் காதில் செருகி, கண்ணை மூடியிருந்தார். விரல் மட்டும் மேஜை விளிம்பில் மெல்ல அசைந்தது. இன்னும் செய்யாத பெட்டிக்குள்ளிருந்து இன்னும் வராத சத்தத்தை மனுஷன் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்தாள்.

"உஷ்... தூக்கி வையேன். கணக்கு கலைஞ்சிடும்."

"ஆமா, பெரிய ராக்கெட் கணக்கு!"

அட்டைப்பெட்டியில் தூங்கும் அந்தப் பன்னிரண்டு இஞ்ச் வூஃபர் ஸ்பீக்கர் அவள் வாங்கிக் கொடுத்தது. வீட்டிலேயே துணி தைத்துச் சேர்த்த காசு. கல்யாண நாளுக்கு அவர் கையில் கொடுத்தபோது, அந்த மீசைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதோடு சரி. அது கட்டிலுக்கடியில் போய்விட்டது.

கேட்டால் ஒவ்வொரு மாசமும் ஒரு காரணம். அதைப் பொருத்த ஐம்பது லிட்டர் பெட்டி போதாது, அறுபது வேண்டும். காற்றுப் போகிற குழாய் ரெண்டு விரல் நீளம் கூட. பலகை முக்கால் இஞ்ச் கனம் இருக்கணும். நடுவில் ஒரு நாள் பழைய டயரை வெட்டி அவளுடைய தையல் மெஷினின் காலுக்கடியில் வைத்தார். கேட்டால், மெஷின் அதிர்ந்தால் கோடு கோணுகிறதாம்!

இப்போது புதுசாக ஒன்று.

"நம்ம ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓம் ஸ்பீக்கருக்குச் செஞ்சது. வூஃபர் நாலு ஓம். ரெண்டும் சேராது. சேர்த்தா ஆம்ப் புகைஞ்சிடும்."

"அப்போ வேற ஆம்ப் வாங்குங்க."

"வாங்கலாம், வாங்கலாம். என்ன அவசரம்?"

ஒரு மணிக்கு அவர் டியூட்டிக்குக் கிளம்பினார். இனி ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருவார். அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை ரேடியோ மெக்கானிக்கிடம் போனாள். பொருத்தமான ஆம்பைத் தானே வாங்கி மனுஷனை அசத்திவிட வேண்டும் என்று ஆசை.

மெக்கானிக் வூஃபரைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

"புது ஆம்ப் எதுக்குக்கா? இதுல ரெண்டு காயில் இருக்கு, ஒவ்வொண்ணும் நாலு ஓம். ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்தா நாலும் நாலும் எட்டு. உங்க ஆம்ப் ஜம்முன்னு இழுக்கும்."

"அவருக்கு இது தெரியாதா?"

"நல்லா இருக்கே! எனக்குச் சொல்லிக்குடுத்ததே அண்ணன்தான்."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் பொய்யா? நான் வாங்கிக் கொடுத்தது பிடிக்கவில்லை என்றால் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டியதுதானே? அன்று ஒரு தையல்கூட ஓடவில்லை.

மறுநாள் காலை அட்டைப்பெட்டியை அவர் நோட்டின் மேலேயே வைத்தாள்.

"நாலும் நாலும் எத்தனை?"

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். திருதிருவென்று விழித்தார். வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது. கீழ்வீட்டு நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து, தோளில் பையோடு நின்றிருந்தாள். எட்டு மாசத்துக்கு முன்னால் குடிவந்த பெண். தினமும் தூங்கப் போகும் முன் அவரை ஒரு கிண்டல் செய்யாமல் போகமாட்டாள்.

"என்ன அண்ணா, பொட்டி இன்னும் பேப்பர்லதான் பாடுதா?"

"பாடும்மா, பாடும்!"

"சீக்கிரம் செய்ங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து எனக்குப் பகல் டியூட்டி. இந்த ஆந்தைப் பொழப்பு முடிஞ்சுது!"

சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிரைவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். முகமெல்லாம் வெளிச்சம். காலண்டரைப் பார்த்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தை உருவி அவளிடம் நீட்டினார். பலகை அளவு, துளை அளவு எல்லாம் சுத்தமாக எழுதி, பேப்பர் ஓரம் பழுப்பேறியிருந்தது.

"ஆசாரிகிட்ட குடுத்துடலாம். ரெண்டு காயிலையும் வரிசையா கோத்துடறேன். ஒண்ணாம் தேதி காலையில நீதான் முதல்ல கேக்கணும்."

அவள் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ தூங்கறதுக்காகவா... இத்தனை நாளும்?"

"நீ மார்க்கெட் போயிருந்தப்போ ஒரு தடவை வூஃபரை மேஜையில வச்சே அஞ்சு நிமிஷம் பாட்டுப் போட்டேன். கீழ அவ தூக்கம் கலைஞ்சு குழாயடிக்கு வந்தா. கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லல பாவம். நான் வீட்டுல இருக்கற நேரம்தானே அவ தூங்கற நேரம்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா? என் புருஷன் ஆசைக்குக் குறுக்க வர்றியான்னு அவளை ஒரு பிடி பிடிச்சிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிடித்திருப்பாள்தான். கண் நிறைந்துவிட்டது.

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். விரல் மேஜை விளிம்பில் அசைந்தது. அவளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் போலிருந்தது.

நாற்காலியை இழுக்கப் போனவள், ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் வைத்தாள்.